தங்கால் வார்த்திகனும் தீப்பெட்டி வரியும்

திருத்தங்கல்னு சொன்னதும் பலருக்கு நின்ற நாராயணப் பெருமாள் கோயில் நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் சிவகாசியோடு ஒட்டிக் கிடக்கும் பட்டாசு ஊர். ஆனால் வரி, நியாயம் பற்றிய ஒரு பழைய கதையும் இந்த ஊருக்கு உண்டு. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை அது. ஊரின் பெயர் அங்கே 'தங்கால்'.

சேரனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பராசரன் என்ற சோழநாட்டு அந்தணன் தங்காலில் தங்குகிறான். அங்கே விளையாடிக்கொண்டிருந்த வார்த்திகன் மகன் பிசகாமல் மறை ஓதியதில் மகிழ்ந்து, அவனுக்கு நகைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஏழை வீட்டில் திடீர்னு நகை மின்னினால் ஊர்க்கண் சும்மா இருக்குமா? புதையலை அமுக்கிவிட்டான் என்று அரசு ஊழியர்கள் வார்த்திகனைச் சிறையில் போட்டார்கள். மனைவி கார்த்திகை அழுது புரள, கொற்றவை கோயில் கதவு திறக்கவில்லை. விசாரித்து உண்மையறிந்த பாண்டியன், தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு அளிக்கிறான்.

இதற்கு அடுத்து வருவதுதான் முக்கியம். சிறைகளைத் திறக்கவும், இறை பாக்கி வைத்தவர்களை விட்டுவிடவும் முரசு அறைவிக்கிறான். புதையல் இனி கண்டெடுத்தவருக்கு, கொடை பெற்றவருக்கு. ஒருவனுக்கு நட்டஈடு கொடுத்ததோடு நிற்காமல் விதியையே மாற்றுகிறான். காப்பியம்தான், வருவாய்த்துறை ஆவணம் இல்லை. ஆனாலும் நியாயமான வரி எதுன்னு அன்றைக்கு மக்கள் நினைத்தது இதில் தெரிகிறது.

இனி தீப்பெட்டிக்கு வருவோம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். எதிரே ஸ்வீடன் நிறுவனத்தின் விம்கோ, இயந்திர ஆலைகளோடு நின்றது. 1934இல் பிரிட்டிஷ் அரசு தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி போட்டது. பிற்காலத்தில் உற்பத்தி அளவை வைத்து ஆலைகளை வகை பிரித்து, சிறியவர்களுக்கு வரியைக் குறைத்தார்கள். பெரிய இயந்திரத்தோடு சின்னப் பட்டறை போட்டியிட வேண்டுமே, யோசனை நியாயமானதுதான்.

ஆனால் வரம்பைத் தாண்டினால் வரி ஏறும் என்றால், ஆலையை வளர்ப்பதைவிடப் பிரித்து வைப்பதுதானே லாபம்? 'தீப்பெட்டி ஆபீஸ்'கள் பெருகின. மழை பொய்க்கும் கரிசல் மண்ணில் அது பிழைப்பும் கொடுத்தது, மறுக்க முடியாது. கூலி மட்டும் உருப்படிக் கணக்கு. கட்டை அடுக்கினால் இவ்வளவு, பெட்டி ஒட்டினால் இவ்வளவு. பிள்ளைகளின் கையும் சேர்ந்தால்தான் வாரக்கூலி கொஞ்சம் கூடும் என்ற நிலை. சலுகைக்கு அளவுகோல் உற்பத்தியும் இயந்திரமும்தான், கூலி இல்லை. சிவகாசியை வைத்துத் தொடுக்கப்பட்ட எம்.சி. மேத்தா வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 டிசம்பரில்.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் கைத்தொழில் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதம். 2020 ஏப்ரலில் இரண்டையும் 12 ஆக்கினார்கள். குழப்பம் தீர்ந்தது உண்மை. ஆனால் இயந்திரத்துக்கு 6 இறங்கியது, கைக்கு 7 ஏறியது.

பாண்டியனின் உத்தரவு ஆளைச் சொன்னது: கண்டெடுத்தவர், பெற்றவர், பாக்கிக்காரர். நம் வரி அட்டவணை பொருளை மட்டும் சொல்கிறது. 14 வருஷமாக ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. மூலப்பொருள் விலை ஏறியதுதான் காரணம் என்றார்கள். சரி. அந்தக் கூடுதல் ரூபாயில் அரசுக்கு இவ்வளவுன்னு சட்டமே சொல்கிறது. கட்டை அடுக்கியவருக்கு எவ்வளவுன்னு எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கு?