பக்ராவும் கடன் கணக்கும்

தலைநகர் தில்லியில் குடியேறிய நம்மவர் வீட்டு விளக்குகளுக்கு மின்சாரம் தந்தவற்றுள் பக்ராவும் ஒன்று. சட்லெஜ் நதியின் குறுக்கே 740 அடி உயரம் எழுந்து நிற்கும் அவ்வணையைக் கண்டு வியந்தோர் பலர். எந்தப் பணத்தில் எழுந்தது என்று வினவியோர் சிலரே.

மாநில அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு கணக்குகள் உண்டு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவை வருவாய்க் கணக்கைச் சேர்ந்தவை. அணை, பாலம், சாலை என நெடுநாள் நிற்பவை மூலதனக் கணக்கில் ஏறும்; அங்கே பெரும்பாலும் கடனே கைகொடுக்கும். இவ்வழக்கம் புதியதன்று. வரிப்பணத்தை மட்டும் நம்பிக் கால்வாய் வெட்டி மாளாது என்று கண்ட ஆங்கில ஆட்சியினர், 1860களின் பிற்பகுதியிலேயே பலன் தரும் வேலைகளுக்குக் கடன் வாங்கலாயினர். தண்ணீர்த் தீர்வை வட்டியை அடைத்துவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

பக்ராவுக்கு மத்திய அரசாங்கம் கடன் கொடுத்தது. கடனை அடைப்பது யார்? தண்ணீர் பாய்ந்தால் நிலத்தின் மதிப்பு உயரும். அவ்வுயர்வில் ஒரு பங்கை உழவர் தரட்டும் என்று பஞ்சாபில் 1952ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினர். 1959இல் அந்த மேம்பாட்டு வரியை எதிர்த்து உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். அணையோ 1963 அக்டோபர் 22ஆம் நாள்தான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வட்டி காத்திராது என்ற அரசாங்கத்தின் வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வேலை நிறைவேறுமுன்பே விளைச்சலில் பங்கு கேட்பது முறையோ?

1966 நவம்பர் முதல் நாள் பஞ்சாப் பிரிந்தது. அணையைத் துண்டு போட இயலாதே! அதனைப் பொது வாரியத்தின் பொறுப்பில் வைத்தனர். கடன்களையோ வாரிசு மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்ளச் சட்டத்தில் வழி செய்தனர். பிழைப்பை நாடி மாநிலம் மாறிய நாமும், நாம் பிறவாத ஊர்களின் பழங்கடனுக்கு விற்பனை வரியின் வாயிலாக வட்டி கட்டி வந்தவர்களே அன்றோ.

பின்னாளில் வழிகள் மாறின. பன்னிரண்டாம் நிதிக் குழுவின் பரிந்துரைப்படி, 2005க்குப் பின் மாநிலங்கள் பெரும்பாலும் கடன் சந்தையையே நாடலாயின. 2020-21இல் மத்திய அரசாங்கம் மூலதனப் பணிகளுக்கென 50 ஆண்டுத் தவணையில் வட்டியில்லாக் கடன் தரத் தொடங்கியது. அவ்வாண்டு வாங்கிய கடனை அடைத்து முடிக்கும் காலம் 2070ஐ ஒட்டி வரும். அதனைச் செலுத்தப்போகிறவர்களுள் பலர் இன்னும் பிறக்கவில்லை.