குப்பை காப்பாற்றிய அரண்மனை

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்தவர்களுக்கு டேனெரிஸ் தன் டிராகன்களைப் பூட்டிவைத்த நிலவறை ஞாபகம் இருக்கும். குரோஷியாவின் கடற்கரை நகரமான ஸ்ப்ளிட்டில் எடுத்த காட்சிகள் அவை. அந்த நிலவறையின் நிஜக்கதை டிராகன் கதைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் இந்த டால்மேஷியா மண்ணின் ஆள். 305ஆம் ஆண்டு தானாகவே பதவியை விட்டு இறங்கினார். ஓய்வுக்காலத்துக்கென்று கடலோரத்தில் அவர் கட்டிக்கொண்ட அரண்மனை சுமார் 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம். வீடு பாதி, கோட்டை பாதி. எகிப்திலிருந்து ஸ்ஃபிங்ஸ் சிலைகள்கூட வந்து இறங்கின. திரும்ப ஆட்சிக்கு வாருங்கள் என்று அழைத்தவர்களிடம், நான் வளர்த்த முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்றாராம். மனுஷன் அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறார்.

ஆனால், கிறிஸ்தவர்களைக் கடுமையாக வேட்டையாடியவரும் இவர்தான். பக்கத்து நகரமான சலோனாவின் ஆயர் டோம்னியஸ் 304இல் கொல்லப்பட்டார்.

7ஆம் நூற்றாண்டில் அவார்களும் ஸ்லாவியர்களும் தாக்கியதில் சலோனா அழிந்தது. தப்பி ஓடியவர்களுக்கு உயரமான மதில் தேவைப்பட்டது. அரண்மனைக்குள் குடியேறினார்கள். தூண்களுக்கு நடுவே சுவர் வைத்தார்கள், நடைபாதைகளைத் தெருக்களாக்கினார்கள். பேரரசருக்காகக் கட்டிய எண்கோணக் கல்லறை மண்டபம் தேவாலயமானது. அவர் உடல் என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது. அவர் காலத்தில் கொல்லப்பட்ட டோம்னியஸுக்கு அங்கே பலிபீடம் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால், சுவரின் மேல்பகுதியில் டயோக்ளீஷியனுடையது என்று கருதப்படும் முகம் இன்னும் இருக்கிறது. ஜூபிடர் கோயில் ஞானஸ்நான மண்டபமானது.

இப்போது அந்த நிலவறைக்கு வருவோம். தரை கடலை நோக்கிச் சரிவதால், பேரரசரின் அறைகளை ஒரே மட்டத்துக்கு உயர்த்த, கீழே வளைவுக்கூரை மண்டபங்களைக் கட்டியிருந்தார்கள். பிற்காலத்தில் மேலே குடியிருந்தவர்கள் தரையில் ஓட்டை போட்டு, குப்பையையும் கழிவையும் அதற்குள் கொட்டினார்கள். நூற்றாண்டுக் கணக்கில். மண்டபங்கள் நிரம்பி அடைபட்டுப் போயின. மேல்தளமோ இடிந்தும் மாறியும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டில் குப்பையை அள்ளி எடுத்தபோது கீழ்த்தளம் ஏறக்குறைய அப்படியே கிடைத்தது. மேலே இருந்த அறைகளைத் தாங்கக் கட்டியது என்பதால், பேரரசரின் வீடு எப்படி இருந்தது என்பதற்கு இன்று நம்மிடம் இருக்கும் முக்கியமான வரைபடம் அதுதான்.

பழைய கட்டடத்தைக் காப்பாற்ற ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். ஸ்ப்ளிட் வேறு மாதிரி சொல்கிறது. காலியான சலோனா இன்று வெறும் இடிபாடு. அங்கிருந்து வந்தவர்கள் சமைத்து, துணி காயப்போட்டு, குப்பை கொட்டி வாழ்ந்த அரண்மனையோ நிற்கிறது. 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் அரண்மனையை மட்டுமல்ல, அதற்குள் வளர்ந்த நகரத்தையும் சேர்த்துத்தான்.

சிக்கல் இப்போதுதான். மதிலுக்குள் இருக்கும் வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலாப் பயணிகளுக்கான வாடகை அறைகளாகின்றன. குடும்பங்கள் வெளியே போகின்றன. போய் வாய்ப்பு கிடைத்தால் தூண்களை மட்டும் படம் எடுக்காதீர்கள். தூணுக்குப் பக்கத்து ஜன்னலில் துணி காய்கிறதா என்றும் பாருங்கள். காய்ந்தால், அங்கே இன்னும் யாரோ குடியிருக்கிறார்கள்.