லிவிடோ ரெட்டிகுலாரிஸ்

தோலில், பெரும்பாலும் கால்களில், ஊதா அல்லது நீலம் கலந்த சிவப்பில் வலைக்கண் போன்ற கோலம் தோன்றும் நிலை. தோலுக்குக் கீழிருந்து செங்குத்தாக ஏறிவரும் ஒவ்வொரு நுண்தமனியும் கூம்பு வடிவப் பகுதி ஒன்றுக்கு இரத்தம் ஊட்டுகிறது. ஓட்டம் மந்தமானால், கூம்புகளின் விளிம்பில் உள்ள நுண்சிரைகளில் ஆக்சிஜன் குறைந்த இரத்தம் தேங்கும். அங்கே ஊதாக் கோடும் நடுவில் வெளிர்நிறமும் தெரியும். கருந்தோலில் இக்கோடுகள் பழுப்பாகவோ மங்கலாகவோ இருப்பதால் எளிதில் கண்ணில் படுவதில்லை.

குளிரில் தோன்றி, உடல் சூடானதும் மறைவது பெரும்பாலும் தீங்கற்றது. குளிப்பாட்டித் துவட்டும்போது பச்சிளங்குழந்தையின் தொடையில் தெரிவதும் இத்தகையதே, போர்த்தினால் போதும். சூடுபடுத்தியும் மறையாமல், வளையங்கள் அறுந்து ஒழுங்கற்றுக் கிடந்தால் அதன் பெயர் லிவிடோ ரேசிமோசா. அதை அலட்சியம் செய்யக் கூடாது. லூபஸ், இரத்தக்குழாய் அழற்சி, இரத்தம் உறையும் போக்கை மிகைப்படுத்தும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் ஆகியவற்றுக்கு அது அறிகுறியாகலாம். இத்தோல் மாற்றத்தையும் பக்கவாதத்தையும் இணைத்து ஆங்கிலேயத் தோல் மருத்துவர் இயன் ஸ்னெடன் 1965-இல் விவரித்தார். அது ஸ்னெடன் நோய்த்தொகுப்பு எனப்படுகிறது. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் அமன்டடின் மாத்திரையும் சிலருக்கு இக்கோலத்தை உண்டாக்கும். களிம்பு தடவிப் பயனில்லை, மூலகாரணத்துக்கே சிகிச்சை.