மட்டை பிடித்த பிஷப்

கிளாஸைக் கட் அடித்துவிட்டு ஹாஸ்டல் டி.வி. ரூமில் மேட்ச் பார்க்க இடம் பிடித்த கூட்டம் நம்முடையது. அதனால் இந்த மலரில் ஒரு பிஷப்பைப் பற்றி எழுதினால் நீங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சும்மா பிஷப் இல்லை சார், டெஸ்டில் மூன்று செஞ்சுரி அடித்தவர்! அதில் ஒன்று நம்மவர்களுக்கு எதிராக, 1952-ல் ஓவலில் அடித்த 119.

பெயர் டேவிட் ஷெப்பர்ட். (ஸ்கோர் 111 வந்தால் ஒற்றைக்காலில் குதிப்பாரே, அந்த அம்பயர் வேறு ஆள்!) 1929-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே 1950-ல் இங்கிலாந்து அணிக்கு வந்துவிட்டார். 1953-ல் சசெக்ஸ் அணிக்குக் கேப்டன். அந்த வருஷம் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் சசெக்ஸ் இரண்டாவது இடம். 1954-ல் பாகிஸ்தானுக்கு எதிராக இரண்டு டெஸ்ட்களில் இங்கிலாந்துக்கே கேப்டன்.

அப்படிப்பட்டவர் 1955-ல் ஆங்கிலிகன் திருச்சபையில் குருவானார். மறு வருஷம் ஓல்டு டிராஃபோர்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 113. பாவம், அந்த மேட்ச்சில்தான் ஜிம் லேக்கர் 19 விக்கெட் எடுத்தார். அப்புறம் செஞ்சுரியை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அதன்பின் கிழக்கு லண்டனில், துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த கேனிங் டவுனில் பல வருஷம் ஊழியம்.

1960-ல் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்துக்கு வந்தது. வெள்ளையர் மட்டுமே ஆடும் அணியோடு ஆட மாட்டேன் என்று ஷெப்பர்ட் பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். 'விளையாட்டில் அரசியலைக் கலக்காதே' என்பதுதான் அன்றைய கிரிக்கெட் உலகத்தின் பேச்சு. அப்படிச் சொன்னவர்கள் முன்பின் தெரியாதவர்கள் இல்லை. கூட ஆடியவர்கள், கூடச் சாப்பிட்டவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று ஆபீஸில் வேலை பார்க்கிற நமக்குத் தெரியாதா?

1962-63 ஆஸ்திரேலியத் தொடருக்கு மறுபடி வந்தார். மெல்போர்ன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் முட்டை, இரண்டாவதில் 113, இங்கிலாந்து ஜெயித்தது. ஆனால் கேட்ச்களைக் கோட்டை விட்டார். சாமியார் கைகூப்புவதை மைதானத்திலும் செய்தால் தேவலை என்று ட்ரூமன் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள்.

1968-ல் கேப் டவுனில் பிறந்த கலப்பினத்தவரான பேசில் டி'ஒலிவைரா, ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 அடித்தும் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்குத் தேர்வாகவில்லை. வேறொருவர் காயமடைந்ததும் சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்கா அவரை ஏற்க மறுத்தது, பயணமே ரத்து. அந்த டிசம்பரில் எம்.சி.சி. கூட்டத்தில் கமிட்டியை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தவர் ஷெப்பர்ட். ஆதரித்தவர், பின்னாளில் இங்கிலாந்து கேப்டனான மைக் பிரியர்லி. ஓட்டெடுப்பில் தோற்றார்கள். ஆனால் 1970-ல் தென்னாப்பிரிக்காவின் இங்கிலாந்துப் பயணமும் ரத்தானது. அந்த அணி மறுபடி சர்வதேச கிரிக்கெட்டுக்கு வந்தது 1991 நவம்பரில், நம்ம கல்கத்தா ஈடன் கார்டனில். எங்க பேட்ச் அப்போது தொட்டிலில்!

1969-ல் வுல்விச் பிஷப், 1975-ல் லிவர்பூல் பிஷப். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் வெகுகாலம் ஆகாத ஊர் அது. 1976-ல் கத்தோலிக்க ஆர்ச்பிஷப்பாக வந்த டெரெக் வொர்லாக்கும் இவரும் எங்கும் ஜோடியாகவே போனார்கள். 1981-ல் டாக்ஸ்டெத் கலவரம். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நேரம். நகரத்து ஏழைகள் பற்றித் திருச்சபை 1985-ல் வெளியிட்ட அறிக்கையைத் தயாரித்த குழுவுக்கு ஷெப்பர்ட் துணைத் தலைவர். அதை 'மார்க்சியம்' என்று தாட்சர் அரசின் மந்திரி ஒருவர் திட்டியதே அறிக்கைக்கு நல்ல விளம்பரம்!

1997-ல் ஓய்வு. 1998-ல் பிரபுக்கள் சபை உறுப்பினர். 2003-ல் சசெக்ஸ் முதன்முதலாகக் கவுண்டி சாம்பியன் ஆனது. ஐம்பது வருஷம் கழித்து அதைப் பார்த்துவிட்டுத்தான், 2005 மார்ச் 5-ல், 76-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலமானார்.

லிவர்பூல் பக்கம் வேலையாகப் போகிற நண்பர்கள் ஹோப் ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள். ஒரு கோடியில் ஆங்கிலிகன் கதீட்ரல், மறு கோடியில் கத்தோலிக்க கதீட்ரல். நடுவே, ஜனங்கள் கொடுத்த பணத்தில் 2008-ல் வைத்த வெண்கலச் சிலையில் ஷெப்பர்டும் வொர்லாக்கும் சேர்ந்தே இருக்கிறார்கள்.