மனிதர் எனச் சான்று கோரும் எந்திரம்: காப்ட்சாவின் வரலாறும் பெயரற்ற உழைப்பும்

முன்னுரை

இணையத்தளத்தில் கணக்குத் தொடங்குவோரிடம் சிதைந்த எழுத்துகளைக் காட்டி, அவற்றைத் தட்டச்சிடுமாறு கேட்கும் சோதனை ‘காப்ட்சா’ எனப்படும். தானியங்கி நிரல்களைத் தடுக்க எழுந்த இச்சோதனை, பெருந்திரளான மக்களின் உழைப்பை ஊதியமின்றிப் பெறும் வாயிலாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

1950இல் ‘மைண்ட்’ ஆய்விதழில் ஆலன் டூரிங் முன்வைத்த சோதனையில், மறைவிலிருந்து விடையளிப்பது மனிதரா எந்திரமா எனத் தீர்மானிப்பவர் மனிதர். காப்ட்சாவிலோ தீர்ப்பளிப்பது எந்திரம். தம்மை மெய்ப்பிக்க வேண்டியவர் மனிதர். 1997இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறியில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. தேடல் முடிவுகளைத் திரிக்கும் நோக்கில் நிரல்கள் ஏராளமான முகவரிகளைப் பதிந்துவந்தன. அவற்றைத் தடுக்க முனைந்த ஆந்திரே பிரோடர் குழுவினர், எழுத்துணரி மென்பொருள் நன்கு படிப்பதற்கென ஒளிவருடிக் கையேடு கூறிய அறிவுரைகளை நேர்மாறாகப் பின்பற்றி எழுத்துப் படங்களை அமைத்தனர். 2000இல் யாகூ நிறுவனம் எதிர்கொண்ட இத்தகைய சிக்கலுக்குக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மானுவேல் புளும், லூயிஸ் வான் ஆன் முதலியோர் தீர்வு கண்டனர். காப்ட்சா என்னும் பெயரும் அவர்கள் இட்டதே.

உழைப்பு

2007இல் வான் ஆன் குழுவினர் உருவாக்கிய ‘ரீகாப்ட்சா’ இரு சொற்களைக் காட்டியது. ஒன்றன் விடை முன்பே தெரிந்தது. மற்றொன்று, பழைய அச்சுப் பக்கத்தில் எழுத்துணரியால் படிக்க இயலாதது. முதற்சொல்லைச் சரியாகத் தந்தவரின் மற்ற விடையும் ஏற்கப்பட்டு, பிறர் விடைகளோடு ஒப்பிடப்பட்டது. ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் பழைய பக்கங்கள் இவ்வாறு மின்வடிவம் பெற்றன. 2009இல் கூகுள் இதனை வாங்கியது. பின்னர் வீட்டு எண்களும் தெருக்காட்சிகளும் சோதனைப் பொருளாயின; மனிதர் தந்த விடைகள் எந்திரத்திற்குப் பாடமாயின. 2014இல் கூகுள் வெளியிட்ட ஆய்வின்படி, மிகக் கடினமான எழுத்துச் சோதனையையும் எந்திரம் 99.8 விழுக்காடு துல்லியத்துடன் விடுவித்தது. பார்வைக் குறையுடைய மனிதரோ இவ்வாயிலில் தடுக்கப்பட்டே நின்றனர்.

ஒப்பீடு

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அச்சு நூல்களை மின்வடிவாக்கியதே. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழிலக்கியங்களைக் கையால் தட்டச்சிட்டனர். உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் மின்னூல்களின் முகப்பில் நன்றியுடன் குறிக்கப்பட்டன. ரீகாப்ட்சாவில் உழைத்தோருக்கு அத்தகைய முகப்பு இல்லை; தாம் ஒரு நாளிதழைப் படியெடுக்கிறோம் என்பதைப் பலர் அறிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

முடிவுரை

2018இல் வந்த மூன்றாம் பதிப்பு வினா எழுப்புவதில்லை. பயனரின் நடத்தையைக் கவனித்து மதிப்பெண் இடுகிறது. கேட்டுப் பெற்ற விடை, கேளாமலே பெறும் தரவாகியுள்ளது. மொழி மாதிரிகளுக்காகத் தமிழ்த் தரவு திரட்டப்படும் இக்காலத்தில், பங்களிப்போரின் இசைவைப் பெறுவதும் பெயரைப் பதிவதும் அடிப்படை நெறிகளாதல் வேண்டும். அதற்கான முன்மாதிரி தமிழ்க் கணிமை வரலாற்றிலேயே உள்ளது.