கார் பேட்டரி சீக்கிரம் ஓய்ந்துவிடுவது ஏன்?

நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு போகும் அவசரம். சாவியைத் திருகினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டுமே வருகிறது. அப்போதுதான் பலருக்கும் பேட்டரியின் நினைவே வரும்.

காரின் 12 வோல்ட் ஈய அமில பேட்டரிக்கு முதல் பகை வெப்பம். 10 பாகை செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆண்டு முழுதும் வெயில் காயும் பினாங்கில் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது ஓய்ந்துவிடுவது வழக்கம்.

அடுத்த பகை குறுந்தூர ஓட்டம். எஞ்சினை முடுக்கும்போது செலவாகும் மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் திரும்ப நிரப்ப நேரம் வேண்டும். ஜார்ஜ்டவுன் நெரிசலில் ஏர்கோன் போட்டபடி சந்தை, பள்ளி, கோயில் என்று பத்துப் பத்து நிமிடம் ஓடினால் பேட்டரி நிரம்பாது. குறையாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

செய்ய வேண்டியவை:

• வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரத்திற்குக் குறையாமல் தொடர்ந்து ஓட்டுங்கள். பாலம் தாண்டி பட்டர்வொர்த் போய் வரலாம்.

• எஞ்சினை நிறுத்திவிட்டு வானொலி கேட்காதீர்கள்.

• இரவு முழுதும் நிறுத்திய காரில் 12.6 வோல்ட் இருந்தால் நலம். 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் செய்யுங்கள்.

• எஞ்சின் திணறித் திணறி எழுந்தால் அன்றே பட்டறையில் சோதித்துவிடுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பையில் வீசாதீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி அது அட்டவணைக் கழிவு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.