சுற்றும் இலை

மதுரையிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை உசிலம்பட்டியைக் கடந்து, கணவாயில் ஏறி இறங்கியதும் ஆண்டிபட்டி எதிர்ப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் கீழை வாயில் இவ்வூர் எனலாம். மலைமேல் விளைந்த ஏலமும் மிளகும் இவ்வழியே இறங்கின. கீழ்நாட்டுச் சரக்குகள் இவ்வழியே ஏறின. 1928ஆம் ஆண்டில் போடிநாயக்கனூர் வரை இருப்புப்பாதை அமைந்தபோது அதுவும் இவ்வூரைத் தொட்டே சென்றது. ஆகவே இங்குள்ள ஒரு பெட்டிக்கடையின் பலகை, பல ஊர்களின் உழைப்பு வந்து கூடும் இடமாக இருந்தது. வெற்றிலைக் கவுளிக்குப் பக்கத்தில் சுருட்டு. அதன் பக்கத்தில் பீடிக்கட்டு. கண்ணாடிக்குப் பின்னால் சிகரெட். வெளிக்காலில் கட்டித் தொங்கவிட்ட கயிற்றின் நுனியில் எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு மூன்றுக்கும் பொது.

சுருட்டு, பீடி, சிகரெட் ஆகிய மூன்றின் உள்ளீடும் புகையிலையே. வேற்றுமை மேலுறையில் இருக்கிறது. புகையிலையைப் புகையிலையாலேயே சுற்றினால் அது சுருட்டு. காட்டுமரத்தின் இலையால் சுற்றினால் பீடி. காகிதத்தால் சுற்றினால் சிகரெட். உள்ளே இருப்பதைப் பற்றிப் புலவர்களும் மருத்துவர்களும் நிரம்பப் பேசியிருக்கிறார்கள். மேலே சுற்றியிருப்பதைப் பற்றிப் பேசியோர் குறைவு. ஆனால் அதனைத் தேர்ந்தெடுத்த வரலாற்றில்தான் சுற்றிய கைகளின் வரலாறும் அடங்கியிருக்கிறது.

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக மேலைக்கடற்கரைக்கு வந்து, தக்காணத்தில் பரவி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்பர் அவையையும் எட்டியது. அவர் மைந்தர் ஜஹாங்கீர் 1617இல் அதனைத் தடை செய்தார், தடை நிலைக்கவில்லை. பிறமொழியினர் பலர் அயற்பெயரையே சிறிது திரித்து வைத்துக்கொள்ள, தமிழர் அதன் பயனைக் கொண்டு புதுப்பெயர் இட்டனர். புகைக்கும் இலை, புகையிலை ஆயிற்று. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூதனுப்பிப் பாடினார். அந்தப் ‘புகையிலை விடு தூது’ நூலை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். மும்மூர்த்திகளின் இலைகளுள் வில்வமும் துளசியும் நீரோடு போய்விட, பிரமனுடைய இலை மட்டும் போகாமல் நின்றதாகவும், ‘போகையிலை’ என்பதே பெயராக மாறியதாகவும் ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. சொல்லாராய்ச்சிக்கு அது உதவாது. ஆனால் போகாத இலை என்பதன் பொருத்தம், அப்பழக்கத்தை விட முயன்று தோற்றவர்களுக்கு விளங்கும்.

அப்புலவர் பாடிய பழனியை அடுத்த திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதிகள் புகையிலை விளைச்சலுக்குப் பெயர்பெற்றவை. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும்வரை அவையும், 1996இல் தேனி மாவட்டம் உருவாகும்வரை ஆண்டிபட்டியும் பழைய மதுரை மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன. திண்டுக்கல் இலை உறையூருக்குச் சென்று ‘திருச்சிராப்பள்ளிச் சுருட்டு’ என்னும் பெயரில் கடல் கடந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்ற சொல்லே நம் ‘சுருட்டு’தான். 1887இல் வெளிவந்த தம் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைக் கண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்வதாக ஆர்தர் கோனன் டாயில் எழுதினார். உறையூர்ச் சந்தில் அமர்ந்து அதனைச் சுற்றியவர்கள் இலண்டனில் தங்கள் சாம்பலுக்குக் கிடைத்த இப்புகழை அறிந்திருக்கமாட்டார்கள்.

சுருட்டில் மூன்று அடுக்கு உண்டு. நடுவில் உள்ளீடு, அதனைப் பிடித்து நிறுத்த ஓர் இலை, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்குத் தெரியும் இலை. இம்மூன்றாவதுதான் விலையைத் தீர்மானிக்கும். அது மெல்லியதாக, கிழிசலற்றதாக, நரம்பு தடிக்காததாக, ஒரே நிறத்ததாக இருக்கவேண்டும். திண்டுக்கல் மண் காரமான இலையைத் தந்தது. பட்டுப்போன்ற இலையை எளிதில் தரவில்லை. ஆகவே ஐரோப்பியக் கம்பெனிகள் திண்டுக்கல்லில் செய்த உயர்தரச் சுருட்டுகளுக்கு மேலிலை மட்டும் ஜாவா, சுமத்திரா தீவுகளிலிருந்து வந்தது. உள்ளே நம் மண், மேலே அயல்நாட்டுப் போர்வை. மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை வேடசந்தூரில் அமைந்து சுருட்டு இரகங்களை ஆராய்ந்ததற்கும், மேலிலைக்கென்றே வங்காளத்தின் தின்ஹட்டாவில் வேறொரு கிளை ஏற்பட்டதற்கும் இக்குறையே பின்னணி.

யாழ்ப்பாணத்திலும் சுருட்டு பெருந்தொழிலாக இருந்தது. அங்குள்ள கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையோ கதையோ உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவர். கியூபாவின் ஹவானாச் சுருட்டுக் கூடங்களிலும் இதற்கெனச் சம்பளம் பெற்ற வாசிப்பாளர் இருந்தனர். கைகளுக்கு மட்டும் வேலை. காது சும்மா இருக்கிறது. எழுத்தறியாத பலர் அவ்வகையில் இலக்கியம் அறிந்தவர்களாயினர்.

பீடியின் கதை வேறு. வெற்றிலைச் சுருளைக் குறிக்கும் ‘பீடா’ என்ற வடநாட்டுச் சொல்லோடு ‘பீடி’ உறவுடையது என்பர். தொடக்கத்தில் குஜராத், பம்பாய்ப் பகுதிகளில் பல மரங்களின் இலைகளைக் கொண்டு அதனைச் சுற்றிப் பார்த்தனர். அவற்றுள் ஒன்று, மராட்டியர் ‘ஆப்டா’ என்று அழைத்து, தசரா நாளில் பொன்னாகப் பாவித்து ஒருவருக்கொருவர் கொடுக்கும் இலை. அம்மரம் நமக்கு அயலன்று. அது ஆத்தி. சோழர் சூடிய ஆர் அதுவே. ஔவையின் நூற்பெயரில் இறைவன் சூடியிருப்பதும் அதுவே. சங்கப் பாடலில் ஆத்தியைக் கண்டவர்கள் அதன் பூவை நினைப்பார்கள். இரண்டு மடலாகப் பிளந்த அதன் இலை பீடிக்குப் போர்வையானதை எந்த உரையாசிரியரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

ஆத்தியை வீழ்த்தியது தெண்டு. கருங்காலி இனத்தைச் சேர்ந்த மரம். தமிழில் கருந்தும்பி எனப்படும். 1899ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் பிழைப்புத் தேடி மத்திய மாகாணத்துக்குச் சென்ற குஜராத்தியர், ஜபல்பூர், கோந்தியாப் பக்கத்துக் காடுகளில் இவ்விலையைக் கண்டுகொண்டதாகத் தொழில் வரலாறு சொல்லும். தோல்போல் மடங்கும், காய்ந்த பின்னும் நனைத்தால் இளகும், சுற்றினால் வெடிக்காது, காட்டில் ஏராளம். கோடையில் புதரை வெட்டிவிட, தளிர்த்து வரும் இளம் இலையை ஏப்ரல், மே மாதங்களில் பழங்குடியினர் பறித்து, 50 இலை கொண்ட கட்டுகளாகக் கட்டுவர். 1,000 கட்டுகள் ஒரு மூட்டை. 1964இல் மத்தியப் பிரதேசம் இவ்வணிகத்தை அரசுடைமையாக்கியது. 1973இல் ஒரிசாவும் அதனைப் பின்பற்றியது. ஒரு மாநில அரசே கையிலெடுக்கும் அளவுக்கு ஓர் இலையில் பணம் இருந்தது.

அந்த இலை இரயிலேறி முக்கூடலுக்கும் மேலப்பாளையத்துக்கும் ஆலங்குளத்துக்கும் கடையநல்லூருக்கும் வந்து சேர்ந்தது. அங்கே சுற்றப்பட்ட பீடிதான் தென்மாவட்டப் பெட்டிக்கடைகளை ஆண்டது. அந்நியச் சிகரெட்டைப் புறக்கணித்த சுதேசிக் காலம் அதற்கு ஒரு நாட்டுப்பற்று நிறத்தையும் அளித்தது. சிகரெட்டின் உறை கப்பலில் வந்தது. பீடியின் உறை இந்தியக் காட்டிலிருந்து வந்தது. அந்த வாதத்தில் உண்மை இருந்தது. உடலுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

காகிதத்தின் கதையையும் சிறிது சொல்லவேண்டும். ஸ்பெயினிலும் பிரான்சிலும் மெல்லிய காகிதம் செய்து புகையிலை சுற்றும் வழக்கம் வளர்ந்தது. லக்ருவா குடும்பத்தாரின் ‘ரிஸ்லா’ தாள் அவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. அரிசியைக் குறிக்கும் ‘ரி’, ‘லா’ என்பவற்றோடு, குடும்பப் பெயரின் பொருளாகிய சிலுவை அடையாளமும் சேர்ந்து அப்பெயர் அமைந்தது. கையால் சுற்றியவர்கள் தாளைத் தேர்ந்தபோது பார்த்தவை மூன்று: தடிமன், எரியும் வேகம், ஒட்டும் விளிம்பு. சணல், ஆளி நார்களால் செய்த மெல்லிய தாள் மெதுவாக எரியும். தாளின் சுவை புகையில் கலப்பது குறைவு. 1880களில் ஜேம்ஸ் பான்சாக் என்ற அமெரிக்கர் இயந்திரத்தை அமைத்தபின் சிகரெட்டில் கைகளின் தேவை ஒழிந்தது. அதன்பின் தாளைத் தேர்ந்தெடுப்பவர் தொழிற்சாலை வேதியியலாரே. சுண்ணாம்புத் தூளும் எரிவதற்கு உதவும் உப்பும் தாளில் சேர்ந்தன; எவ்வளவு காற்று புகவேண்டும் என்பதும் அளக்கப்பட்டது.

இங்குதான் பீடி ஒரு வினோதம். அதில் அடங்கும் புகையிலை சிகரெட்டில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆனால் தெண்டு இலை காற்றை விடாது. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். எனவே புகைப்பவர் வலிந்தும் பலமுறையும் இழுக்கிறார். நிக்கோட்டினும் தாரும் கரியமில நச்சுவாயுவும் சிகரெட்டை விஞ்சும் அளவில் உள்ளே செல்கின்றன. சிறிய உருவமும் இயற்கை இலையும் தந்த ஆறுதல் பொய்யானது.

வடிகட்டியின் ஆறுதலும் அப்படித்தான். 1920களில் ஹங்கேரியைச் சேர்ந்த போரிஸ் அய்வாஸ் மடிப்புத் தாளால் வடிகட்டி செய்தார். 1950இல் புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்ற ஆங்கில அறிஞர்கள் வெளியிட்ட பிறகு, கம்பெனிகள் வடிகட்டியை முன்னால் நிறுத்தின. 1952முதல் 1956வரை அமெரிக்காவில் விற்ற ‘கென்ட்’ சிகரெட்டின் வடிகட்டியில் நீலக் கல்நார் இருந்தது. நஞ்சைத் தடுப்பதாகச் சொல்லி நஞ்சின் வழியாகவே புகையை இழுக்க வைத்தார்கள். பின்னர்ச் செல்லுலோஸ் அசிட்டேட் வடிகட்டி வந்தது. அதில் நுண்துளைகள் வந்தன. புகை மெலிந்ததாகத் தோன்ற, மக்கள் இன்னும் ஆழமாக இழுத்தார்கள். நம் நாட்டில் 1960களில் ‘பில்டர்’ சிகரெட் மதிப்பின் அடையாளமாயிற்று. திரைநாயகர்கள் அதனை விரலிடுக்கில் வைத்து அழகு காட்டிய காலத்தில், 1984இல் ஆண்டிபட்டி வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த எம்.ஜி.ஆர். திரையில் புகைப்பதைப் பொதுவாகத் தவிர்த்தவர் என்பது நினைக்கத்தக்கது.

பீடிக்கு இயந்திரம் வெல்லவில்லை. அதனால் கை நிலைத்தது. கையின் துன்பமும் நிலைத்தது. 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் கூடங்களுக்கு உரிமம், வேலைநேரம், விடுப்பு ஆகியவற்றை விதித்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்ததும் மங்களூர் முதலாளிகள் கேரளத்துக் கிளைகளை மூடினர். வேலையிழந்தோர் சேர்ந்து 1969இல் கண்ணூரில் தினேஷ் பீடிக் கூட்டுறவை அமைத்தனர். அங்கே வாசிப்பு தொடர்ந்தது. படிப்பவரின் பங்குப் பீடியையும் மற்றவர்களே சுற்றினார்கள். திருநெல்வேலிப் பக்கமோ கூடம் கலைந்து வீடுகளுக்குள் போயிற்று. ஒப்பந்தக்காரர் இலையையும் தூளையும் நூலையும் எடைபோட்டுக் கொடுக்க, பெண்கள் திண்ணையில் தனித்தனியே பீடித்தட்டை மடியில் வைத்துச் சுற்றினார்கள். சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் புலப்படவே நெடுங்காலம் ஆயிற்று. உரக்கப் படிக்க அங்கே ஒருவரும் இல்லை.

அச்சட்டம் மூலப்பொருள் வழங்குவதில் எழும் தகராறு, பீடியைக் கழித்துப் போடுவதில் எழும் தகராறு, கழித்த பீடிக்கான கூலித் தகராறு ஆகியவற்றைத் தனித்துப் பெயர்சொல்லி ஒரு பிரிவில் வைத்திருந்தது. சட்டம் எழுதியவர்கள் தொழிலை அறிந்திருந்தார்கள். ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் உள்ள நெசவாளருக்கு இம்முறை புதிதன்று. அங்கும் நூல் நிறுத்துக் கொடுக்கப்பட்டு, சேலையாகத் திரும்பும். ஆனால் கொடுத்த நூலின் எடை சேலையில் ஏறக்குறைய அப்படியே வந்துவிடும். இலையில் அது நடவாது. இரவில் நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்த இலையைக் காலையில் எடுத்து, தகட்டளவு வைத்துக் கத்தரியால் வெட்டும்போதுதான் அதன் குணம் தெரியும். நல்ல இலையில் இரண்டு துண்டு விழும். ஓட்டை விழுந்ததில் ஒன்று. பழுத்து முறிந்ததில் ஒன்றுமில்லை. மிச்சமெல்லாம் காலடியில் குப்பை. தராசில் மூன்றும் ஒரே எடை. கணக்குப்படி ஆயிரம் பீடி கொடுக்கவேண்டும். தட்டிலோ எண்ணூறுக்குத்தான் இலை இருக்கிறது. மீதிக்கான இலையை அந்தப் பெண் தன் கூலியிலிருந்து கடையில் வாங்கி வருகிறாள்.